கழிவறைப் புணரியல்

பாயிரம்

இரண்டு சொற்கள் அடுத்தடுத்து வந்து நின்றால் நடுவில் என்ன நேரும் என்று தொல்காப்பியர் ஆராய்ந்தார். பவணந்தியார் அதையே நன்னூலில் சுருக்கிச் சொன்னார். பீங்கானும் பிளாஸ்டிக்கும் அடுத்தடுத்து வந்து நின்றால் நடுவில் என்ன நேரும் என்பதை இருவருமே விட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் காலத்தில் அடுக்குமாடி இல்லை. ஆகவே கீழ்வீட்டுக்காரரும் இல்லை. கீழ்வீட்டுக்காரர் இல்லாத சமுதாயத்தில் இப்படியோர் இலக்கணத்துக்குத் தேவை எழுவதில்லை.

அந்த இடைவெளியை அடைக்க எழுந்தது இந்நூல்.

சிறப்புப் பாயிரம் எட்டுச் செய்திகளைச் சொல்ல வேண்டும் என்பது மரபு. நான்கு போதும் என்பது என் துணிபு. நுதலிய பொருள்: கம்மோட்டின் பின்வாய் கழிவுக் குழாயோடு சேரும் இடம், அது ஏன் ஒழுகுகிறது, எதைக் கொண்டு அடைப்பது. எல்லை: வேங்கடம் முதல் குமரி வரை, 4 அங்குலக் குழாய் போகும் இடமெல்லாம். கேட்போர்: நன்றாக இருக்கும் குளியலறையை இடித்துப் புதுப்பிக்கத் துணிந்தவர்கள். பயன்: அறம், பொருள், இன்பம், வீடு என்ற நான்கில் கடைசியானது; குறிப்பாகக் கீழ்வீடு.

நிலைமொழி

முதலில் நிற்பது கம்மோடு. கழிவு பின்சுவரை நோக்கிக் கிடையாகப் போனால் அது பி-டிராப். தரைக்குள் நேரே இறங்கினால் எஸ்-டிராப். இரண்டிலும் உள்ளே ஒரு வளைவு, வளைவில் எந்நேரமும் நிற்கும் தண்ணீர். தெருச் சாக்கடைக்கும் வீட்டு மூக்குக்கும் நடுவே இருக்கும் கதவு அந்தத் தண்ணீர்தான். ஆழம் குறைந்தது 50 மில்லிமீட்டர் வேண்டும் என்பது விதி. இந்த வளைவுக்கு 1775-இல் லண்டனில் காப்புரிமை வாங்கிய அலெக்சாண்டர் கம்மிங், தொழிலால் கடிகாரம் செய்கிறவர். மணி பார்த்து உள்ளே போகிறவர்கள் நிறைந்த ஊருக்கு அவரே பொருத்தமானவர் என்று கொள்க.

கம்மோட்டின் பின்வாய் வட்டம் என்று எல்லோரும் நம்புகிறார்கள். அது வட்டமன்று. என்னை? எனின், பீங்கான் களிமண் கூழாக அச்சில் ஊற்றப்பட்டு, காய்ந்து, 1,200 டிகிரிக்குப் பக்கத்தில் சூளையில் வெந்து வெளிவருகிறது. வேகும்போது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு சுருங்குகிறது. சுருங்கும் எந்தப் பொருளும் எல்லாப் பக்கமும் ஒன்றுபோலச் சுருங்குவதில்லை. ஒரே கம்பெனியின் ஒரே மாதிரியில் இரண்டை வாங்கி வந்து ஸ்கேல் வைத்து அளந்தால் இரண்டும் இரண்டு கணக்குச் சொல்லும். கடைக்காரர் "ஸ்டாண்டர்டு சைஸ் சார்" என்பார். அது விற்பனை வழக்கு, இலக்கண வழக்கன்று.

வருமொழி

வந்து சேர்வது குழாய். பேச்சில் 4 அங்குலம், அச்சில் 110 மில்லிமீட்டர். கழிவுநீருக்கான பிவிசி குழாய்க்கு ஐ.எஸ். 13592 என்று இந்தியத் தரநிலை உண்டு. அதில் ஏ, பி என்று இரண்டு சாதி. ஏ மெல்லியது, மழைநீருக்கும் காற்றுப் போக்கிக்கும் உரியது. பி தடித்தது, கழிவுக்கு உரியது. பூசி மறைத்த பிறகு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது என்பதால் சில இடங்களில் ஏ, பி-யின் வேலையைப் பார்க்கிறது. பெயர் மாறி வந்தாலும் வேலை மாறாமல் செய்வதற்கு அது ஆகுபெயர் அன்று.

பிவிசிக்கு முன்னால் வார்ப்பிரும்புக் குழாய் இருந்தது. சணலை முறுக்கி இடுக்கில் திணித்து, அதன்மேல் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி, உளியால் தட்டி இறுக்குவார்கள். அதற்கும் முன்னால் சுட்ட மண் குழாய். 2019-இல் நடந்த கீழடி அகழாய்வில் ஒன்றினுள் ஒன்று செருகிய சுடுமண் குழாய்கள் கிடைத்தன. மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தில் செங்கல் சுவருக்குப் பின்னால் நிலக்கீல் பூசி நீர்க்கசிவைத் தடுத்திருந்தார்கள். செருகுவதும் பூசுவதும் ஆகிய இரண்டு நெறிகளும் நமக்குப் பழையவை. இந்த ஆய்வு செருகுவோர் கட்சியைச் சேர்ந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நேர்மை.

செருகுவதிலும் ஒரு முறை உண்டு. மேலிருந்து வரும் குழாயின் முனை, கீழே போகும் குழாயின் அகன்ற வாய்க்குள் நுழைய வேண்டும். அப்போது தண்ணீர் இடுக்கைத் தாண்டிப் போய்விடும். மாற்றிச் செருகினால் வரும் தண்ணீரெல்லாம் இடுக்கின் உதட்டில் மோதும். மிச்சமிருந்த துண்டுக் குழாயை வீணாக்க மனமில்லாமல் திருப்பிப் போட்டு வைத்த இணைப்புகள் இம்மாநிலத்தில் பல உள.

புதுப்பித்தல் என்னும் விகாரம்

புது வீட்டில் நிலைமொழியும் வருமொழியும் ஒன்றையொன்று பார்த்து வைக்கப்படுகின்றன. புதுப்பிக்கும் வீட்டில் கதை வேறு. சுவர் மாறும், தரை மாறும், கம்மோடு மாறும். குழாய் மட்டும் கான்கிரீட்டுக்குள் பழைய இடத்திலேயே இருக்கும். ஒழுகும் இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும் என்பது என் முடிபு. இதற்குப் பிறகு எதைப் பூசுவது என்ற கேள்வியெல்லாம் காரணத்தை விட்டுவிட்டுக் காயத்துக்குக் கட்டுப் போடுவதே.

பழைய டைல்ஸை உடைத்தால் தூசி, சத்தம், குப்பை லாரி, அசோசியேஷன் செகரட்டரி. ஆகவே டைல்ஸ் மேலேயே டைல்ஸ் ஒட்டுகிறார்கள். ஒட்டும் பசையும் புது டைல்ஸுமாகத் தரை அரை அங்குலத்துக்குக் குறையாமல் உயரும். சிமெண்ட் கலவையில் பதித்தால் ஓர் அங்குலத்துக்கு மேலேயே போகும். பி-டிராப்பின் வாய் தரையிலிருந்து ஏறத்தாழ 7 அங்குல உயரத்தில் இருக்கும்படிதான் செய்யப்படுகிறது. தரை ஏறினால் கம்மோடும் ஏறும்; சுவரிலுள்ள குழாய் ஏறாது. இரண்டு வாய்களும் ஒன்றையொன்று பார்க்காமல், பேச்சுவார்த்தை முறிந்த பங்காளிகள்போல மேலும் கீழுமாக நிற்கும்.

எஸ்-டிராப்பில் இதே கேடு வேறு வடிவில் வரும். தரை உயர்ந்ததால் குழாயின் வாய் பள்ளத்துக்குள் போய்விடும். கம்மோட்டின் வாய் அதை எட்டாது. அது மட்டுமன்று. எஸ்-டிராப்பில் சுவரிலிருந்து குழாயின் நடுமையம் வரை உள்ள தூரம் முக்கியம். 9 அங்குலம், 12 அங்குலம் என்று கடையில் பல அளவுக்குக் கம்மோடு உண்டு. அந்தத் தூரத்தை டைல்ஸ் ஒட்டி முடிந்த சுவரிலிருந்து அளக்க வேண்டும்; வெறும் செங்கல் சுவரிலிருந்து அளந்தவர்கள் பிறகு கம்மோட்டைச் சுவருக்குள் திணிக்கப் பார்ப்பார்கள்.

இந்த இடத்தில் உரையாசிரியர்கள் மூவர் மாறுபடுகிறார்கள்.

கொத்தனார் உரை: "லெவல் கரெக்டா வச்சு குடுத்தாச்சு சார். பைப் எங்க வருதுங்கறது பிளம்பர் பாக்கணும்."

பிளம்பர் உரை: "தரைய ஏத்திட்டு அப்புறம் என்னைக் கூப்பிட்டா நான் என்னா சார் பண்றது? முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்ல?"

ஹார்டுவேர் கடைக்காரர் உரை: "எல்லாத்துக்கும் ஒரு அயிட்டம் இருக்குண்ணே. ரெண்டு டியூப் போட்டுத் தரவா?"

மூன்றாம் உரையே விலைபோகிறது. முதலிரண்டும் உண்மை. குழாய் போட்ட பிளம்பர் ஒருவர், டைல்ஸ் போட்டவர் ஒருவர், சில மாதம் கழித்துக் கம்மோடு மாட்ட வருகிறவர் இன்னொருவர். இணைப்பு இந்த மூவரில் யாருடைய வேலைக்கும் உட்பட்டதன்று; மூவருடைய வேலைக்கும் நடுவில் இருக்கிறது. கூலியும் அதற்கென்று தனியாகப் பேசப்படுவதில்லை. பெயரும் கூலியும் இல்லாத வேலையை யார் கவனமாகச் செய்வார்?

ஒழுகல் மூவகைப்படும்

அடைப்பதற்கு முன் எது ஒழுகுகிறது என்று தெரிய வேண்டும். இதில் அவசரப்பட்டு முழுக் கம்மோட்டையும் கழற்றியவர்கள் உண்டு; கடைசியில் கோளாறு பத்து ரூபாய் வாஷரில் இருக்கும்.

இரவும் பகலும் ஓயாமல் சொட்டினால் அது நல்ல தண்ணீர். ஆங்கிள் வால்வ், கனெக்‌ஷன் பைப், ஃப்ளஷ் டேங்கின் அடி வாஷர் ஆகியவற்றுள் ஒன்று. ஃப்ளஷ் செய்யும்போது மட்டும் தரை நனைந்தால் அது நம் ஆய்வுப் பொருளான இணைப்பு, அல்லது டேங்குக்கும் கம்மோட்டுக்கும் நடுவிலுள்ள வாஷர். யாராவது குளிக்கும்போது மட்டும் கீழே சொட்டினால் கம்மோட்டின் மேல் பழியில்லை. தரைத் தண்ணீர் இறங்கும் நஹானி டிராப்பையும் டைல்ஸ் இடுக்கையும் பார்க்க.

ஃப்ளஷ் டேங்கில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கொஞ்சம் ஊற்றி, இணைப்பைச் சுற்றிக் காய்ந்த டிஷ்யூ பேப்பரைச் சுற்றிவிட்டு ஃப்ளஷ் செய்தால் தீர்ப்பு உடனே கிடைத்துவிடும். தாள் நீலமானால் குற்றவாளி இணைப்பு. தாள் வெள்ளையாகவே நனைந்தால் நல்ல தண்ணீர். சோதனைச் செலவு ஒரு தாளும் சில சொட்டும். இவ்வளவு மலிவாக இருப்பதாலேயே யாரும் செய்வதில்லை என்று கருத இடமுண்டு.

நல்ல தண்ணீர்ப் பக்கத்துக்குரிய மருந்து டெஃப்லான் டேப். அதைக் கண்டுபிடித்ததும் ஓர் ஒழுகாத கதை. 1938-இல் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியின் ராய் பிளங்கெட், குளிர்பதன வாயு ஆராய்ச்சிக்காக வைத்திருந்த சிலிண்டரைத் திறந்தால் வாயு வரவில்லை; சிலிண்டரின் எடையோ குறையவில்லை. அறுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் பொடி. வாயு தானே திடமாகியிருந்தது. அந்தப் பொடியின் வழித்தோன்றல் இன்று வெள்ளை நாடாவாக ஒவ்வொரு பிளம்பரின் பையிலும் இருக்கிறது. மரை எந்தப் பக்கம் திருகுமோ அந்தப் பக்கமாகவே சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் திருகும்போது நாடா உரிந்து வந்துவிடும். ரப்பர் வாஷர் உள்ள முனைக்கு நாடா வேண்டியதில்லை. அங்கே அடைப்பது வாஷர், மரை அன்று. ஆனாலும் சுற்றுகிறார்கள். அது பொருளற்ற அசைநிலை.

உடம்படுமெய்

இனி நூலின் நடுப்பகுதி.

உயிரெழுத்தில் முடியும் சொல்லும் உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லும் நேரே ஒட்டா. நடுவில் யகரமோ வகரமோ வந்து இரண்டையும் உடம்படுத்த வேண்டும். அதுபோலப் பீங்கானும் பிவிசியும் நேரே ஒட்டா. பிவிசியைப் பிவிசியோடு ஒட்டும் சால்வென்ட் சிமெண்ட், குழாயின் மேல்தோலைக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்குகிறது. பீங்கானை அது கரைக்காது. எந்தக் கரைப்பானும் கரைக்காது, அதனால்தானே அதைக் கழிவறைக்குத் தேர்ந்தோம். ஆகவே நடுவில் இரண்டுக்கும் இணங்கும் மூன்றாவது பொருள் வேண்டும். அது ரப்பர். கடையில் டபிள்யூ.சி. கனெக்டர் என்றோ பேன் காலர் என்றோ கேட்டால் தருவார்கள். ஒரு பக்கம் கம்மோட்டின் வாயைக் கவ்வும். மறுபக்கத்தில் மெல்லிய இதழ்கள் அடுக்காக இருக்கும், குழாய்க்குள் போய் விரிந்து அழுந்தும்.

ரப்பர் ஏன்? பிவிசி சூட்டில் நீளும், பீங்கானும் நீளும். ஆனால் பிவிசி ஏறத்தாழப் பத்து மடங்கு அதிகம் நீளும். 3 மீட்டர்க் குழாய் பத்து டிகிரி சூடேறினால் 2 மில்லிமீட்டர் நீண்டுவிடும். சித்திரை வெயிலில் சென்னை மாடிச் சுவரில் இறங்கும் குழாய் பகலில் நீண்டு இரவில் சுருங்குகிறது. அதன் நுனியில் பீங்கான் அசையாமல் இருக்கிறது. மேலே நூறு கிலோ எடையுள்ள ஒருவர் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு எழுகிறார். எந்த நாளும் நடக்கும் இந்த அசைவுகளை இறுகிய பொருள் எதுவும் தாங்காது. நெகிழ்வதே தாங்கும்.

இடம் நோக்கி யகரமும் வகரமும் மாறுவதுபோலக் காலரும் மாறும். இரண்டு வாயும் நேராக இருந்தால் நேர்க் காலர். ஓர் அங்குலம்வரை விலகியிருந்தால் நடு விலகிய காலர். அதைத் திருப்பி வைத்து விலகலை மறைத்துவிடலாம். அதற்கும் மேல் விலகினால் துருத்திபோல மடிப்புள்ள நெகிழ் காலர். இந்த மூன்றாவதைக் கடைசி வழியாகவே கொள்க. மடிப்புகளில் கழிவு தங்கும், பிறகு அடைக்கும். அதைவிடத் தரையைச் சற்று உடைத்துக் குழாயை நகர்த்துவது நல்லது. பிளம்பர் இதற்கு உடன்படமாட்டார். வற்புறுத்துக.

மாட்டும் முறையிலும் சில நுட்பம் உண்டு. குழாயை வெட்டினால் வெட்டிய விளிம்பில் பிசிறு இருக்கும். அரத்தால் தேய்த்து விளிம்பைச் சரிவாக்க வேண்டும், இல்லாவிட்டால் நுழையும்போதே ரப்பர் இதழைக் கிழித்துவிடும். ரப்பர் வழுக்கி நுழையச் சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸ் தடவக் கூடாது. பெட்ரோலியக் கிரீஸ் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். குழாயோடு குழாய் சேரும் ரிங் ஃபிட் இணைப்பில் முழுவதும் உள்ளே தள்ளிவிட்டு, 10 மில்லிமீட்டர் பின்னால் இழுத்துவிட வேண்டும். சூட்டில் நீள்வதற்கு அந்த இடம். அடிவரை முட்டத் தள்ளி "டைட்டா போட்டாச்சு" என்பவரிடம் இதைச் சொன்னால், இவருக்கு என்ன தெரியும் என்பதுபோல ஒரு பார்வை கிடைக்கும். பார்வைக்கு அஞ்சற்க.

வழு

வெள்ளை சிமெண்ட்.

இது அடைக்கும் பொருள் என்று யார் முதலில் சொன்னார் என்று தெரியாது. ஆனால் ஊர் முழுவதும் நம்புகிறது. கம்மோட்டின் வாயைக் குழாய்க்குள் இறக்கிவிட்டு, சுற்றிலும் உள்ள இடுக்கில் வெள்ளை சிமெண்டைக் கையால் பிசைந்து அப்பி, ஈரத் துணியால் துடைத்தால் பார்க்கப் பளிச்சென்று இருக்கும். கம்மோட்டின் வெண்மையும் சிமெண்டின் வெண்மையும் கலந்து ஒரே பொருள்போலத் தோன்றும். வீட்டுக்காரருக்கு மகிழ்ச்சி. பிளம்பருக்கும் மகிழ்ச்சி, கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது.

சிமெண்ட் காயும்போது சுருங்கும். பிவிசியின் வழுவழுப்பான மேற்பரப்பை அது பிடிப்பதில்லை. காய்ந்த பிறகு நெகிழவே நெகிழாது. மூன்றும் சேர்ந்தால், முதல் கோடையிலோ கனத்த விருந்தாளி ஒருவர் வந்து போன மறுநாளோ தலைமயிர் அளவுக்கு ஒரு விரிசல். அதிலிருந்து முதலில் வருவது தண்ணீர் அன்று, நாற்றம். இணைப்பு இருப்பது நீர்வளைவுக்கு அப்பால் என்பதை மறக்கக் கூடாது. கம்மிங் கட்டிய தண்ணீர்க் கதவு இன்னும் மூடியே இருக்கிறது. வாயு பின்வாசல் வழியாக வருகிறது. தண்ணீர் ஒரு சொட்டும் ஒழுகாமல் நாற்றம் மட்டும் அடிக்கும் குளியலறைகளின் மர்மம் பல நேரம் இதுதான். ஊதுபத்தி இதற்கு மருந்தன்று.

இதை வெறும் நாற்றம் என்று எண்ணுவோருக்கு ஒரு செய்தி. 2003-இல் ஹாங்காங்கின் அமாய் கார்டன்ஸ் என்னும் அடுக்குமாடியில் சார்ஸ் நோய் 300-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பரவியது. குளியலறைத் தரையிலுள்ள டிராப்புகளில் தண்ணீர் வற்றியிருந்தது. கழிவுக் குழாயின் காற்றைக் குளியலறை விசிறி வீட்டுக்குள் இழுத்தது என்று ஆய்ந்தவர்கள் சொன்னார்கள். அங்கே கெட்டது இணைப்பு அன்று, நீர்க்கதவு. ஆனாலும் கழிவுக் குழாயின் காற்று வீட்டுக்குள் வருவது வேடிக்கை அன்று என்பதற்கு அது போதிய சான்று.

அற்றேல், எங்கள் தாத்தா வீட்டில் சிமெண்டால் அடைத்த கக்கூஸ் நாற்பது வருடம் ஒழுகாமல் இருந்ததே எனின், உண்மை. அது இந்தியன் பேன். தரைக்குள் கான்கிரீட்டில் புதைத்து வைத்தது. உட்கார்கிறவரின் எடை தரையில் இறங்குகிறது, பேனில் அன்று. அதன் கீழே இருந்த குழாயும் சுட்ட மண். மண்ணும் சிமெண்டும் பீங்கானும் சூட்டில் மிகக் குறைவாகவே நீள்பவை. அங்கே எதுவும் அசையவில்லை. அசையாத இடத்தில் சிமெண்ட் அசையாமல் நின்றது. அந்தப் புணர்ச்சி இயல்பு. வெஸ்டர்ன் கம்மோடும் பிவிசியும் சேர்ந்தால் அது விகாரம். தாத்தா காலத்து விதியை இங்கே கொண்டுவந்து ஏற்றுவது அதிவியாப்தி, அதாவது விதியை அதன் எல்லைக்கு அப்பால் நீட்டும் குற்றம்.

வழுவமைதி

சில பூச்சுகளைக் குற்றமென்று தள்ளாமல் அமைத்துக்கொள்ளலாம். காலர் சரியாகப் பொருந்திய பிறகு வெளிவிளிம்பில் சிலிக்கோன் ஒரு கோடு போடுவது நல்லதே. சாதாரணச் சிலிக்கோன் காடி வாசனை அடிக்கும். அது காய்ந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் காய்வதால் அடர்த்தியாகப் போட்டால் உள்ளே காய நாளாகும்.

இதில் நம் ஊருக்கு ஒரு தனிச் சிக்கல். சிலிக்கோன் ஒட்ட மேற்பரப்பு உலர்ந்திருக்க வேண்டும். பிறகு 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது. நம் குளியலறை உலர்ந்து யார் பார்த்தார்கள்? துணி துவைப்பது, குளிப்பது, கால் கழுவுவது, ஹெல்த் ஃபாசெட்டால் எதிர்ச்சுவர்வரை நனைப்பது எல்லாம் அங்கேதான். ஒரே பாத்ரூம் உள்ள ஐந்து பேர் குடும்பத்தில் 24 மணி நேரம் என்பது கற்பனைக் காலம். காலை பத்து மணிக்குப் போட்ட சிலிக்கோனை மதியம் ஒன்றரைக்குத் தாத்தா தேர்வு செய்துவிடுகிறார். இதற்கு ஒரே வழி, வேலையை வைத்துக்கொள்ளும் நாளில் குடும்பத்தோடு மாமியார் வீட்டுக்குப் போவது. மாமியார் வீட்டில் வேலை நடந்தால் அம்மா வீட்டுக்கு.

எபாக்சி மாவு, அதாவது எம்-சீல் என்று கேட்டால் கடையில் எடுத்து நீட்டும் இரட்டைப் பொட்டலம், வேறு இடத்தில் சிறந்த பொருள். இரண்டு நிறத்தையும் ஒரே நிறமாகும்வரை பிசைந்து இரும்புக் குழாயின் வெடிப்பில் வைத்தால் கல்லாக நிற்கும். கல்லாக நிற்பதுதான் இங்கே தகுதிக் குறைவு. கம்மோட்டின் பின்வாயில் அதை வைத்தால், ஒரு நாள் கம்மோட்டைக் கழற்ற நேரும்போது எபாக்சி விடாது, பீங்கான் உடையும்.

கீழ்வீட்டுச் சான்று

கசிந்த தண்ணீர் நேரே கீழே விழுந்தால் வழக்கு எளிது. அது அப்படி விழுவதில்லை. பெரும்பாலான அடுக்குமாடிகளில் குளியலறைத் தளம் ஓர் அடி தாழ்த்திக் கட்டப்பட்டது. சங்கன் ஸ்லாப் என்பார்கள். அந்தப் பள்ளத்தில் குழாய்களைப் போட்டு, செங்கல் ஜல்லி கொட்டி நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டுகிறார்கள். இணைப்பில் கசியும் தண்ணீர் இந்த ஜல்லிக்குள் இறங்கி, குளம்போல நின்று, நிரம்பி, பிறகு தனக்கு எளிய வழியைத் தேடும். எளிய வழி பல நேரம் ஒயர் போகும் குழாய். ஆகவே கீழ்வீட்டில் ஓதம் அடிப்பது குளியலறைக் கூரையில் அன்று. ஹாலில், மின்விசிறிக் கொக்கியில்.

"சார், உங்க பாத்ரூம் தண்ணி எங்க ஃபேன்ல சொட்டுது."

"எங்க வீட்ல ஒரு சொட்டு ஈரம் இல்லீங்க. வந்து பாருங்க."

இருவரும் சொல்வது மெய். மேலே தரை காய்ந்திருக்கிறது, ஏனெனில் தண்ணீர் முழுவதும் கீழே போய்விட்டது. கசிவை நிறுத்திய பிறகும் ஜல்லியில் நின்ற தண்ணீர் வடிய வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் "சரி பண்ணதா சொன்னீங்களே" என்று இரண்டாம் சண்டை வரும். மாடிப்படியில் இப்படி இரு தரப்பும் உண்மையே பேசும் சண்டைகளைத் தீர்க்க அசோசியேஷனுக்கு ஆற்றல் இல்லை.

புறனடை

சொல்லாமல் விட்டவற்றைச் சேர்த்துக்கொள்ள இலக்கண நூல்கள் கடைசியில் புறனடை வைக்கும். இங்கும் சில.

டைல்ஸ் வாங்கப் போகும் முன் கம்மோட்டை வாங்குங்கள். புதுத் தரை எவ்வளவு உயரும் என்று கொத்தனாரிடம் கேட்டு, அந்த உயரத்துக்கு மரக்கட்டை அடுக்கி, அதன்மேல் கம்மோட்டை நிறுத்தி, குழாயின் வாயோடு சேர்கிறதா என்று பாருங்கள். சேராவிட்டால் குழாயை மாற்ற வேண்டிய நேரம் அதுவே. கொத்தனாரையும் பிளம்பரையும் ஒரே நாளில், ஒரே மணிக்கு, ஒரே அறைக்குள் நிறுத்துவது இந்த நூலில் உள்ள எல்லாவற்றையும்விடக் கடினம், ஆயினும் முயல்க. டைல்ஸ் மூடுவதற்குள் குழாய்கள் தெரியும்படி, பக்கத்தில் அளவு டேப்பை விரித்து வைத்து, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சங்கன் ஸ்லாப்பில் வாட்டர் ப்ரூஃபிங் முடிந்ததும் ஜல்லி கொட்டுமுன் இரண்டு நாள் தண்ணீர் கட்டி வைத்துப் பாருங்கள். கட்டும் முன் கீழ்வீட்டில் சொல்லிவிடுங்கள்.

கம்மோடு ஆடினால் எந்தக் காலரும் நிற்காது. தரையில் துளையிட்டுத் திருகாணி போட்டு, வாஷர் வைத்து, ஆடாத அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும். மேலும் இறுக்கினால் பீங்கான் விரிசல் விட்டுவிடும்.

வெள்ளை சிமெண்டை அடியோடு ஒழிக்க வேண்டும் என்பது இந்நூலின் கட்சி அன்று. டைல்ஸ் இடுக்குக்கு அது பொருந்தும். கம்மோட்டின் அடிவிளிம்பு தரையைத் தொடும் இடத்தில் முன்னாலும் பக்கவாட்டிலும் பூசிக்கொள்ளலாம். ஆனால் பின்பக்கம் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குப் பூசாமல் விடச் சொல்லுங்கள். அழகாக இல்லை என்று பிளம்பர் சொல்வார். சொல்லட்டும். இணைப்பு என்றாவது கசிந்தால், கீழ்வீட்டு ஃபேனுக்குத் தெரியும் முன் உங்கள் தரைக்குத் தெரிய வேண்டும்.